மூன்று நாள், மூன்று எண்கள்: நீரில் கரைதிறனை எப்படி அளப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். முதுகலை ஆய்வுத்திட்டத்துக்காக ஒருவர் தாம் தயாரித்த கரிம அமிலம் ஒன்றின் நீர்க்கரைதிறனை அளந்திருக்கிறார். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் தூளைப் போட்டு, காந்தக் கலக்கியில் ஒரு மணி நேரம் கலக்கி, வடிதாளில் வடித்து, வடிநீரைப் புறஊதா நிறமாலைமானியில் (கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து செறிவைக் காட்டும் கருவி) அளந்தார். மூன்று நாள் செய்ததில் லிட்டருக்கு 38, 61, 47 மில்லிகிராம் என்று வந்தது. அந்த நாள்களில் ஆய்வகத்தின் வெப்பநிலை 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை மாறியது. "சராசரி 49 என்று அறிக்கையில் எழுதிவிடலாமா? இல்லையென்றால் எங்கே தவறு செய்தேன்?"

எழுத வேண்டாம். ஒரே பொருளை ஒரே நிலையில் பலமுறை அளக்கும்போது கை நடுக்கத்தாலும் கருவியின் தடுமாற்றத்தாலும் வரும் சிறு சிதறலைச் சராசரி சரிசெய்யும். உங்கள் மூன்று எண்கள் அப்படிச் சிதறியவை என்று நான் நினைக்கவில்லை. மூன்று நாளும் நீங்கள் மூன்று வெவ்வேறு விஷயங்களை அளந்திருக்கிறீர்கள் என்பதே என் கணிப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

கரைதிறன் என்பது ஒரு சமநிலையின் பெயர். குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட திண்மம் அடியில் தங்கியிருக்க, மேலே உள்ள நீரில் அதன் செறிவு இனி ஏறவும் இறங்கவும் செய்யாமல் நிற்கும் நிலை அது. ஆகவே எண்ணை எழுதுமுன் மூன்று கேள்விகளுக்குச் சோதனையே பதில் சொல்லியிருக்க வேண்டும். சமநிலை வந்ததா? அடியில் கிடக்கும் திண்மம் நாம் போட்ட அதே திண்மம்தானா? கருவி எண்ணியது கரைந்த மூலக்கூறுகளை மட்டும்தானா? உங்கள் செய்முறையில் மூன்றுக்கும் பதில் இல்லை. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பாடப்புத்தகங்கள் கரைதிறனை ஒரு வரியில் வரையறுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த வரியைக் குடுவைக்குள் உண்டாக்குவதில் உள்ள பாடு அங்கே எழுதப்படுவதில்லை.

முதலில் நேரம். 1897-இல் நோயஸ், விட்னி என்ற இருவர் பென்சாயிக் அமிலத்தையும் லெட் குளோரைடையும் உருளைகளாக வார்த்து நீரில் சுழற்றி, எவ்வளவு வேகத்தில் கரைகின்றன என்று பார்த்தார்கள். கரையும் வேகம், தெவிட்டிய செறிவுக்கும் (இனிமேல் கரைய முடியாத உச்ச அளவு) அப்போதைய செறிவுக்கும் உள்ள இடைவெளிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். இலக்கை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. பாதித் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும் பொருளுக்கு, 97 விழுக்காட்டை எட்ட ஐந்து மணி நேரம் ஆகும். 99 விழுக்காட்டைத் தாண்ட ஏழு மணி நேரம் வேண்டும். நீரால் எளிதில் நனையாமல் மேற்பரப்பில் மிதக்கும் தூளாக இருந்தால் நாள்கணக்கில் ஆகலாம். ஒரு மணி நேரத்தில் எடுத்த மாதிரியில் இருப்பது, அன்றைக்குத் தூள் எவ்வளவு நுண்மையாக இருந்தது, காந்தக் கட்டி எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பவற்றின் விளைவு. 38 வந்த நாளில் உங்கள் தூள் கட்டிதட்டியிருந்திருக்கலாம். அந்த எண்ணை உங்கள் பொருளின் இயல்பு என்று சொல்ல முடியாது.

எவ்வளவு நேரம் போதும் என்பதை முன்கூட்டியே எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. குடுவைதான் சொல்ல வேண்டும். வேதிப்பொருள்களைப் பதிவு செய்வதற்காக ஆய்வகங்கள் பின்பற்றும் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் 105-ஆம் வழிகாட்டி, 1995-இல் திருத்தப்பட்ட வடிவில், இதை அழகாகச் செய்கிறது. ஒரே அளவு தூளும் நீரும் போட்ட மூன்று குடுவைகளை 30 டிகிரியில் குலுக்க வேண்டும். ஒரு நாள் கழித்து முதல் குடுவையை 20 டிகிரிக்கு மாற்றி, அவ்வப்போது குலுக்கியபடி இன்னும் 24 மணி நேரம் வைத்து, அதே வெப்பநிலையில் மையவிலக்கியில் வேகமாகச் சுற்றி, துகள்களை அடியில் ஒதுக்கித் தெளிநீரை அளக்க வேண்டும். இரண்டாவது குடுவை 30 டிகிரியில் இரண்டு நாள் இருந்தபின் இதே வழியில் போகும். மூன்றாவது மூன்று நாள் கழித்து. கடைசி இரண்டு குடுவைகளின் மதிப்புகள் 15 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போனால் சோதனை ஏற்கத்தக்கது. ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகப்போக மதிப்பு ஏறிக்கொண்டே இருந்தால் சமநிலை வரவில்லை. இன்னும் அதிக நாள் வைத்து மறுபடி செய்ய வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அந்த 30 டிகிரி. பெரும்பாலான திண்மங்கள் வெப்பத்தில் கூடுதலாகக் கரையும். ஆகவே முதலில் தேவைக்கு மேல் கரையவிட்டு, பிறகு 20 டிகிரிக்குக் கொண்டுவந்து மிகையானதைப் படியவிடுகிறோம். கீழிருந்து ஏறிச் சமநிலையைத் தொடுவதற்குப் பதிலாக மேலிருந்து இறங்கித் தொடுகிறோம். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. சில பொருள்கள் படியாமல் மீதெவிட்டிய நிலையிலேயே, அதாவது கரைதிறனுக்கு மேல் கரைந்தபடியே, நின்றுவிடும். அதனால் நான் எப்போதும் ஒரு குடுவையைக் கூடுதலாக வைப்பேன். அதை 30 டிகிரிக்குக் கொண்டுபோகாமல் தொடக்கம் முதல் 20 டிகிரியிலேயே வைத்திருப்பேன். மேலிருந்து இறங்கியதும் கீழிருந்து ஏறியதும் ஒரே எண்ணில் சந்தித்தால், அதைவிட வலுவான சான்று வேறில்லை. சந்திக்காவிட்டால் உண்மை அந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது, பொறுத்திருக்க வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடு போலச் சூடேற ஏறக் குறைவாகக் கரையும் பொருள்களும் உண்டு என்பதால், உங்கள் பொருள் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம், கொதிநிலையில் அதில் பாதிகூட இல்லை.

வெப்பநிலைக்கு வருகிறேன். சமையலுப்பு சூட்டை அதிகம் பொருட்படுத்தாது: 100 கிராம் நீரில் 0 டிகிரியில் ஏறத்தாழ 36 கிராமும் 100 டிகிரியில் 39 கிராமும் கரையும். பொட்டாசியம் நைட்ரேட்டோ 0 டிகிரியில் 13 கிராம், 20 டிகிரியில் 32 கிராம், 100 டிகிரியில் ஏறத்தாழ 245 கிராம். கரிமப் பொருள்கள் பெரும்பாலும் இடைநடுவில் வரும். கரையும் வெப்பம் (கரையும்போது பொருள் உள்வாங்கும் வெப்பம்) ஒரு மோலுக்கு 25 கிலோஜூல் உள்ள பொருளுக்கு, அறை வெப்பநிலையை ஒட்டி ஒவ்வொரு டிகிரிக்கும் கரைதிறன் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு மாறும். உங்கள் ஆய்வகத்தில் ஐந்து டிகிரி மாறியது என்றால் ஏறக்குறைய 18 விழுக்காடு. 38-க்கும் 61-க்கும் இடையே 60 விழுக்காடு வேறுபாடு இருப்பதால், வெப்பநிலை மட்டும் குற்றவாளி இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் நீர்த்தொட்டியில் அரை டிகிரிக்குள் நிறுத்தி வைக்காமல் அளந்த எந்த எண்ணையும் நான் நம்ப மாட்டேன். காந்தக் கலக்கியின் தட்டு நெடுநேரம் ஓடினால் தானே சூடாகிக் குடுவைக்கும் சூட்டைத் தரும் என்பதையும் மறக்க வேண்டாம். கலக்கிக்கும் குடுவைக்கும் இடையே ஒரு தக்கைத் தட்டு வைப்பது அதைப் பெருமளவு தடுக்கும்.

குடுவையில் வெப்பநிலையைக் காத்துவிட்டு, வடிக்கும்போது கோட்டை விடுபவர்கள் நிறையப் பேர். மையவிலக்கி ஓடும்போது உள்ளே சூடாகும்; குளிரூட்டும் வசதி இல்லாத கருவியில் இருபது நிமிடம் ஓட்டினாலே மாதிரி பல டிகிரி ஏறிவிடக்கூடும். அந்தச் சூட்டில் அடியில் இருக்கும் திண்மம் மேலும் கரையும். 37 டிகிரியில் தெவிட்டிய கரைசலைக் குளிர்ந்த பிப்பெட்டில் உறிஞ்சினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: பிப்பெட்டின் சுவரிலேயே படிகம் விழும், அளவு குறைந்துபோகும். ஊசிக்குழல், வடிகட்டி, பிப்பெட் எல்லாவற்றையும் சோதனை வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிட்டே எடுங்கள். எடுத்த தெளிநீரை உடனே தெரிந்த விகிதத்தில் நீர்க்கச் செய்துவிடுங்கள். அளவிடும் முறைக்கு ஒத்துவருமானால் மெத்தனால் கலந்த நீரில் நீர்க்கச் செய்வது நல்லது. நீர்த்தபின் அது தெவிட்டாத கரைசல், ஆறினாலும் படியாது.

இனி வடிதாள். உங்கள் செய்முறையில் எனக்கு மிகப் பெரிய ஐயம் இங்கேதான். சாதாரண வடிதாளின் துளைகள் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அளவு. அதற்குக் குறைந்த துகள்கள் எல்லாம் வடிநீரோடு வந்துவிடும். கண்ணுக்கு நீர் தெளிவாகத் தெரியலாம். கண்ணின் சாட்சி இங்கே செல்லாது. வந்த துகள்கள் இரண்டு வழிகளில் எண்ணைக் கெடுக்கும். பிறகு நீங்கள் நீர்க்கும்போது அவையும் கரைந்து கணக்கில் சேரும். கரையாமல் நின்றாலோ, நிறமாலைமானியில் ஒளியைச் சிதறடித்து, உறிஞ்சப்பட்டது போலப் பொய்யாகக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: உங்கள் பொருள் ஒளியை உறிஞ்சாத அலைநீளத்திலும் ஒருமுறை அளந்து பாருங்கள். நிறமற்ற பொருளாக இருந்தால் 450 நானோமீட்டரில் ஏறத்தாழ சுழி வர வேண்டும். அங்கே ஏதாவது எண் நின்றால் துகள்கள் இருக்கின்றன என்று அறியுங்கள்.

ஆகவே 0.45 அல்லது 0.22 மைக்ரோமீட்டர் சவ்வு வடிகட்டிக்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. தொடக்க காலத்தில் நான் லிட்டருக்குச் சில மில்லிகிராமே கரையும் ஒரு பொருளை நைலான் சவ்வில் வடித்து, ஒரு வாரம் முழுக்கத் தவறான எண்களைச் சேர்த்திருக்கிறேன். சவ்வு என் பொருளைத் தன் பரப்பில் கவர்ந்து வைத்துக்கொண்டது; வெளியே வந்த நீரில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. எண்கள் ஒன்றோடொன்று அருமையாக ஒத்துப்போனதால் சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் ஊசிக்குழலில் மீதமிருந்த நீரையும் அதே சவ்வின் வழியே தள்ளி அளந்தபோதுதான் மதிப்பு ஏறியதைக் கண்டேன். அன்றிலிருந்து எந்தப் புதிய பொருளுக்கும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டே தொடங்குகிறேன்: தெவிட்டிய கரைசலை ஒரே வடிகட்டி வழியே மில்லி மில்லியாகத் தள்ளி ஒவ்வொன்றையும் தனித்தனியே அளப்பது. மூன்றாவது, நான்காவது மில்லியிலிருந்து எண் நிலைத்துவிட்டால் அதற்கு முந்தியவற்றைக் கொட்டிவிடலாம். ஏறிக்கொண்டே போனால் அந்தச் சவ்வு உங்கள் பொருளுக்கு ஆகாது. வேறு வகைச் சவ்வுக்கோ மையவிலக்கிக்கோ மாற வேண்டும். வடித்ததையும் மையவிலக்கியில் தெளியவைத்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல குறுக்குச் சோதனை.

அடுத்தது உங்கள் பொருள் அமிலம் என்பது. இதை நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இதுவே முதன்மையான தகவல். வலிமை குறைந்த அமிலம் நீரில் இரண்டு உருவில் இருக்கும். அயனியாகாத மூலக்கூறு குறைவாகவே கரையும். அயனி தாராளமாகக் கரையும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பது கரைசலின் பி.எச். மதிப்பு; அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். பி.எச்., அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்பைவிட (கரைந்ததில் பாதி அயனியாக இருக்கும் பி.எச்.) இரண்டு அலகு கூடினால் மொத்தக் கரைதிறன் ஏறத்தாழ நூறு மடங்கு ஆகும். தூய நீருக்குத் தன் பி.எச். மதிப்பை நிலைநிறுத்திக்கொள்ளும் வலு இல்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டாலே 5.6-ஐ ஒட்டி இறங்கிவிடும். கழுவும்போது கண்ணாடியில் ஒட்டிய காரம் சிறிதளவு இருந்தாலும் மேலே போகும்.

எவ்வளவு சிறிதளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூலக்கூறு எடை 200, பி.கே.ஏ. 4.5, அயனியாகாத வடிவின் கரைதிறன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று ஓர் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். தூய நீரில் அதன் ஒரு பகுதி தானாகவே அயனியாகி, மொத்தக் கரைதிறன் 68 மில்லிகிராம் என்று நிற்கும். அதே நீரில் லிட்டருக்கு வெறும் 8.4 மில்லிகிராம் சோடியம் பைகார்பனேட் கலந்திருந்தால் மொத்தம் 80 மில்லிகிராமுக்குப் போய்விடும். நீங்கள் எந்த நாளில் எந்தக் குடுவையை எப்படிக் கழுவினீர்கள் என்பதே எண்ணை இவ்வளவு ஆட்டிவைக்க முடியும். அதனால் தெவிட்டிய கரைசலின் பி.எச். மதிப்பைக் கடைசியில் அளந்து, கரைதிறனோடு சேர்த்து எழுதியே ஆக வேண்டும். தொடக்கத்தில் அளந்தது பயன்படாது. பொருளே கரைந்து அதை மாற்றிவிட்டிருக்கும். அயனியாகாத வடிவின் கரைதிறன் மட்டும் வேண்டுமென்றால், பி.கே.ஏ. மதிப்புக்கு இரண்டு அலகு கீழே இருக்குமாறு அமிலம் சேர்த்து அளந்துகொள்ளலாம். பி.எச். மதிப்பை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் அளப்பதும் உண்டு. அப்போது தாங்கலின் அயனிகள் உங்கள் அமிலத்தோடு வேறொரு உப்பாகச் சேர்ந்து படிந்துவிடவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடியில் கிடக்கும் திண்மத்தைப் பற்றிய கேள்விக்கு நிறையப் பேர் வருவதே இல்லை. தெளிநீரை எடுத்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள். கரைதிறன் நீரின் இயல்பு எவ்வளவோ அவ்வளவு அந்தப் படிகத்தின் இயல்பும்கூட. ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக அடுக்கப்பட்டால் இரண்டு கரைதிறன்கள் கிடைக்கும். 1996-இல் எச்.ஐ.வி. மருந்தாகச் சந்தைக்கு வந்த ரிட்டோனாவிர், இதற்கு உலகமே பார்த்த எடுத்துக்காட்டு. 1998-இல் அதன் உற்பத்தியில், அதுவரை யாரும் கண்டிராத, மிகவும் குறைவாகக் கரையும் இரண்டாவது படிக வடிவம் தோன்றியது. மாத்திரைக்கூடுகள் கரைதல் சோதனையில் தோற்றன. அந்த வடிவிலான மருந்தையே விலக்கிக்கொண்டு வேறு வகையில் தயாரிக்க வேண்டியதாயிற்று. மருந்தின் மூலக்கூறு முன்பு இருந்த அதே மூலக்கூறுதான்.

உங்கள் குடுவைக்குள்ளும் இது நடக்கலாம். வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின் நீரற்ற படிகமாக நீரில் இறங்கினால், சில மணி நேரத்தில் நீரைத் தன் படிகத்துக்குள் ஏற்று இருநீரேறிய படிகமாக மாறத் தொடங்கும். நீரேறிய வடிவம் குறைவாகக் கரையும். ஆகவே செறிவு முதலில் ஏறி, உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். ஒரு மணி நேரத்தில் அளந்தவர் ஒன்று சொல்வார், ஒரு நாள் கழித்து அளந்தவர் வேறொன்று சொல்வார். இருவருமே பொய் சொல்லவில்லை. வெப்பநிலையும் இந்த மாற்றத்தைத் தூண்டும்: சோடியம் சல்ஃபேட் 32.4 டிகிரிக்குக் கீழே பத்து நீர் மூலக்கூறுகளோடு படிகமாக நிற்கும், அதற்கு மேலே நீரற்றதாக மாறும். அதனால் அதன் கரைதிறன் அந்தப் புள்ளி வரை விறுவிறுவென ஏறி, அதன்பின் மெல்ல இறங்குகிறது. மிச்சத் திண்மத்தை ஈரத்தோடேயே எடுத்து, படிகத்தின் அடுக்கமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தில் நீங்கள் தொடக்கத்தில் போட்ட தூளோடு ஒப்பிடுங்கள். சூளையில் உலர்த்திவிட்டு ஒப்பிட்டால் ஏறிய நீர் போய்விடும். சாட்சியை நாமே அழித்ததாகும். எக்ஸ் கதிர்க் கருவி கைக்கு எட்டவில்லை என்றால் நுண்ணோக்கியில் படிகத்தின் உருவம் மாறியிருக்கிறதா என்றாவது பாருங்கள்.

தூய்மையையும் இதே குடுவையிலேயே சோதிக்கலாம். தூய பொருளாக இருந்தால், அடியில் 50 மில்லிகிராம் மிஞ்சினாலும் 500 மிஞ்சினாலும் மேலே உள்ள செறிவு ஒன்றுதான். எளிதில் கரையும் மாசு கலந்திருந்தால், தூளைக் கூட்டக் கூட்ட அளக்கப்படும் எண்ணும் கூடும். 25 மில்லிகிராம் போட்ட குடுவையையும் 100 மில்லிகிராம் போட்ட குடுவையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "கொஞ்சம் தூள்" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, மூன்று நாளும் மூன்று அளவு போட்டிருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றியது. புறஊதாக் கருவிக்கு உங்கள் பொருளையும், தயாரிப்பில் மிஞ்சிய மூலப்பொருளையும் வேறுபடுத்தத் தெரியாது. அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் எதையும் கூட்டிச் சொல்லும். முடிந்தால், கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அளவிடுங்கள். பொருளும் மாசும் தனித்தனி முகடுகளாக வந்துவிடும். நீரில் சிதையும் பொருள்களுக்கு இது கட்டாயம்: ஆஸ்பிரினை நாள்கணக்கில் நீரில் குலுக்கினால் அதில் ஒரு பங்கு சாலிசிலிக் அமிலமாக மாறியிருக்கும், பிரித்துப் பார்க்காதவர் இரண்டையும் சேர்த்தே ஆஸ்பிரின் என்று எழுதுவார்.

நல்ல கரைதிறன் உள்ள பொருள்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. தெளிநீரைத் தெரிந்த அளவு எடுத்து ஆவியாக்கி, மிச்சத்தை எடைபோட்டாலே போதும். அங்கே கவனிக்க வேண்டியது அலகு மட்டும்தான். 20 டிகிரியில் ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ இரண்டு கிலோ சர்க்கரை கரையும். ஆனால் அந்தக் கரைசலில் ஒரு லிட்டரை எடுத்தால் அதில் 900 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே சர்க்கரை இருக்கும். எதன் லிட்டர், நீரினதா கரைசலினதா என்று எழுதாத அட்டவணையால் எத்தனையோ பேர் இருமடங்கு தவறியிருக்கிறார்கள்.

மிகக் குறைவாகக் கரையும் பொருள்கள் வேறு உலகம். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குடுவை முறையை ஓ.இ.சி.டி. வழிகாட்டியே கைவிட்டு, நிரல் முறைக்கு மாறச் சொல்கிறது. கண்ணாடி மணிகள் அல்லது மணல் போன்ற தாங்கியின் மேல் பொருளை மெல்லிய பூச்சாகப் படியவைத்து, ஒரு குழாயில் நிரப்பி, நீரை மெதுவாக ஊடே ஓடவிட வேண்டும். எளிதில் கரையும் மாசுகள் முதலில் வெளியேறிவிடும். அந்த நீரைக் கொட்டிவிடலாம். பிறகு வரும் நீரில் தொடர்ந்து ஐந்து மாதிரிகள் 30 விழுக்காட்டுக்குள் ஒத்துவர வேண்டும். அதன்பின் ஓட்டத்தின் வேகத்தைப் பாதியாக்கி மறுபடி அளந்தும் அதே எண் வந்தால், நீர் தெவிட்டும் அளவுக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்று பொருள். இங்கே குலுக்கலே எதிரி. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கரையும் பொருளின் ஒரு மில்லி கரைசலில் இருப்பது 10 நானோகிராம். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைத் துகளின் எடையோ ஏறத்தாழ 0.7 நானோகிராம். தப்பி வந்த பதினைந்து துகள்கள் உங்கள் எண்ணை இரட்டிப்பாக்கிவிடும். எண்ணெய் போன்ற நீர்மங்களைக் குலுக்கினால் பால்மமாகி நாள்கணக்கில் தெளியாமல் நிற்கும். அவற்றை நீரின் மேல் மெல்ல மிதக்கவிட்டு, சுழல் விழாத அளவுக்கு மெதுவாகக் கலக்கி, அடியிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். 2001-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம், டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் கரைதிறன் என்று பல பத்தாண்டுகளாக வெளியான எண்களைத் தொகுத்துப் பார்த்தது. ஒரே பொருளுக்கு வெளியான எண்கள் நூறு மடங்குக்கும் மேல் விலகி நின்றன. ஓர் ஆற்றில் அந்த நஞ்சு எவ்வளவு தங்கும், மீனின் உடலில் எவ்வளவு சேரும் என்ற கணிப்புகள் இப்படிப்பட்ட எண்களின் மேல்தான் கட்டப்படுகின்றன. அதனால்தான் ஒரு சிறிய ஆய்வுத்திட்டத்தின் எண்ணுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். நீங்கள் எழுதும் எண்ணை நாளை யாரோ நம்பி எடுத்துக்கொள்வார்கள்.

இதே காரணத்தால், "நீரில் கரையாது" என்ற சொல்லையும் அறிக்கையில் எழுத வேண்டாம். மருந்தியல் தொகுப்புகளில் ஒரு பங்கு பொருளுக்குப் பத்தாயிரம் பங்குக்கு மேல் நீர் தேவைப்பட்டால் "நடைமுறையில் கரையாதது" என்று வகைப்படுத்துவார்கள். அது லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறது. நாப்தலீன் லிட்டருக்கு ஏறத்தாழ 31 மில்லிகிராம் கரைகிறது. ஒரு மீனுக்கு அது சிறிய அளவே இல்லை.

இனி உங்கள் பொருளுக்கு நேரடியாக. முதலில் ஒரு தோராயச் சோதனை செய்யுங்கள்: நன்றாக அரைத்த 0.1 கிராம் தூளில் படிப்படியாக நீரைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பலமாகக் குலுக்கி, எந்தக் கட்டத்தில் தூள் மறைகிறது என்று கண்ணால் பார்ப்பது வழக்கமான வழி. உங்களுடையது 100 மில்லியிலும் மறையாது என்று கிடைத்த எண்களே சொல்கின்றன. ஆகவே 50 மில்லிகிராமை ஒட்டியது என்று வைத்துக்கொண்டு நேரே குடுவை முறைக்குப் போகலாம். கரையக்கூடியதைப் போல ஐந்து மடங்கு, அதாவது 100 மில்லிக்கு 25 மில்லிகிராம் தூளை எடைபோட்டு மூன்று குடுவைகளில் போடுங்கள். நான்காவதில் 100 மில்லிகிராம் போட்டு மூன்றாவது குடுவையோடு கூடவே கொண்டுபோங்கள்; அது தூய்மைக்கான சாட்சி. ஐந்தாவதைச் சூடாக்காமல் 20 டிகிரியிலேயே வையுங்கள். தூள் போடாமல் நீர் மட்டும் ஊற்றிய ஒரு குடுவையையும் கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள். கண்ணாடியிலிருந்தும் வடிகட்டியிலிருந்தும் எதுவும் கரைந்து வந்து கருவியை ஏமாற்றவில்லை என்று அது சொல்லும். எல்லாக் குடுவைகளையும் ஒரே மாதிரி கழுவி, கடைசியில் சோதனைக்கு எடுக்கும் அதே நீரால் பலமுறை அலசுங்கள். நாள்தோறும் ஒவ்வொன்றாக எடுத்து, வெப்பநிலை மாறாமல் தெளியவைத்து, உடனே நீர்த்து, அளந்து, மீதமுள்ள தெளிநீரில் பி.எச். பாருங்கள். கருவியின் அளவுத்திருத்தக் கோட்டை (தெரிந்த செறிவுகளை அளந்து வரைவது) அந்தந்த நாளே புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாள் குடுவைகள் 15 விழுக்காட்டுக்குள் நின்று, சூடாக்காத குடுவையும் அவற்றோடு சேர்ந்து, தூள் கூடுதலாகப் போட்டதும் அதே எண்ணைத் தந்தால், அப்போது சராசரி எடுங்கள். எண்ணோடு வெப்பநிலை, பி.எச்., குலுக்கிய நேரம், தெளியவைத்த முறை, பொருளின் தூய்மை, அடியில் மிஞ்சிய திண்மத்தின் அடையாளம் ஆறையும் சேர்த்து எழுதுங்கள். எண்கள் ஒத்துவராமல் போனால் மூலத்தரவை அப்படியே அனுப்புங்கள். எந்தக் குடுவை எந்தப் பக்கம் விலகியது என்பதை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பழைய மூன்று எண்களையும் அழித்துவிடாமல் குறிப்பேட்டில் தேதியோடு வைத்திருங்கள். 61 வந்த நாளின் வடிநீர் இன்னும் மிச்சம் இருக்குமானால், இன்றைக்கே அதை 450 நானோமீட்டரில் ஒருமுறை அளந்து பாருங்கள்.